பிரேக் பிடிக்கத் தெரியுமா?

மலை ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்பது சமவெளிக்காரர்களின் எண்ணம். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி போகும் என்பார். போன மூச்சு கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். போன முட்டி திரும்பாது!

சைக்கிளுக்கும் இதே கதைதான். ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்க முடியாதவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, நண்பர்கள் கொஞ்சம் கேலி செய்வார்கள், அவ்வளவுதான். இறக்கத்தில் தடுமாறுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. மலை அவனைத் தள்ளிக்கொண்டு போகும். எனவே மலைச்சரிவில் சைக்கிளில் இறங்குவதை ஒரு விடுமுறை விளையாட்டாக நினைக்கிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "எவ்வளவு வேகமாகப் போகலாம்?" என்பதல்ல. "பிரேக் பிடிக்கத் தெரியுமா?" என்பதுதான்.

பெயரே பிரேக்கிலிருந்து வந்தது

இந்த விளையாட்டு பிறந்த கதையே சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி என்று ஒரு பகுதி. 1970-களில் அங்கிருந்த சில இளைஞர்கள் 1930, 40-களில் தயாரான தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை மேலே கொண்டுபோய், மண் பாதையில் கீழே விட ஆரம்பித்தார்கள். ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்று பின்னாளில் பெயர் பெற்றவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான். 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் நடந்தது. பாதையின் நீளம் மூன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அதற்குள் சுமார் 400 மீட்டர் உயரம் இறங்க வேண்டும்!

அந்தப் பழைய சைக்கிள்களில் கையால் பிடிக்கும் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பிரேக் பிடிக்கும். ஒரு முறை கீழே வந்து சேர்வதற்குள் அந்தச் சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் உருகிப் புகைந்து போய்விடும். மறுபடி மேலே போக வேண்டுமென்றால் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்'. அந்தப் பாதைக்கும் பந்தயத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது.

கவனித்தீர்களா? வேகத்துக்காக நடந்த பந்தயம். ஆனால் நிலைத்த பெயர் வேகத்தைப் பற்றியது அல்ல, வெந்துபோன பிரேக்கைப் பற்றியது.

பிறகு விளையாட்டு வளர்ந்தது. 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் மலை சைக்கிளுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் நுழைந்தது. ஆனால் அங்கே நுழைந்தது ஏற்றமும் இறக்கமும் கலந்த ஓட்டம்தான். வெறும் இறக்கப் பந்தயத்துக்கு ஒலிம்பிக் கதவு இன்னும் திறக்கவில்லை.

ஆல்ப்ஸ் மலையின் கணக்கு

இன்று இந்த விளையாட்டின் பெரிய சந்தை ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை. ஏன் அங்கே? காமர்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும் காரணம் ஒன்று இருக்கிறது.

பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களை மலை உச்சிக்குக் கொண்டுபோக அங்கே ஊருக்கு ஊர் கம்பிவடத்தில் தொங்கும் 'லிஃப்ட்'கள் கட்டியிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் முதலீடு. ஆனால் பனி இருப்பது குளிர்காலத்தில் சில மாதங்கள்தான். கோடையில் லிஃப்ட் சும்மா நின்றாலும் கடனுக்கு வட்டி ஓடும், பராமரிப்புச் செலவு ஓடும். பாடப்புத்தகத்தில் 'நிலையான செலவு' என்று படிப்பது இதைத்தான். அதே லிஃப்டில் கோடையில் சைக்கிளை மாட்டி மேலே அனுப்பினால்? கூடுதல் செலவு கொஞ்சம், கூடுதல் வரவு நிறைய. பனிச்சறுக்கு ஓடிய சரிவுகளில் சைக்கிள் பாதைகள் வெட்டினார்கள். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்துக்கு ஏற்ப நிறம் குறித்தார்கள். பிரான்ஸ் நாட்டின் மோர்சின், லே ஜே போன்ற மலையூர்கள் கோடையிலும் நிரம்பத் தொடங்கின. லே ஜே 2004-லும் 2022-லும் உலக சாம்பியன்ஷிப்பையே நடத்தியது. ஆல்ப் துவெஸ் என்ற ஊரில் 1995 முதல் 'மெகாவலாஞ்ச்' என்றொரு பந்தயம் நடக்கிறது. 3,300 மீட்டர் உயரத்தில் பனிப்பாறை மேலிருந்து கூட்டமாகப் புறப்பட்டு, 2,500 மீட்டருக்கு மேல் கீழே இறங்க வேண்டும். அதாவது தொட்டபெட்டா உச்சியிலிருந்து கிட்டத்தட்ட கடல் மட்டம் வரை!

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாரம் போவார்கள். உடன் ஒரு வழிகாட்டி. காலையில் லிஃப்டில் ஏறுவார்கள், இறங்குவார்கள், மறுபடி ஏறுவார்கள். ஒரே நாளில் ஐந்தாறு தடவை மலை இறங்கலாம். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், முட்டிக்கும் முழங்கைக்கும் கவசம், இரண்டு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன். முக்கியமாக, அந்தப் பாதையில் எதிரே பஸ் வராது. அந்தச் சரிவு விளையாட்டுக்கென்றே ஒதுக்கி வைத்த சரிவு.

நீலகிரியின் கணக்கு

நீலகிரியில் லிஃப்டும் இல்லை, ஒதுக்கி வைத்த சரிவும் இல்லை. இருப்பதெல்லாம் ரோடும், தோட்டப் பாதையும், ரயிலும்தான்.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தது கோத்தகிரி பக்கம். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை போடும் வேலை மேக்ஃபர்சன் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் நடந்து 1823-ல் முடிந்தது. குன்னூர் வழியாக வண்டிப் பாதை வந்தது அதற்குப் பிறகுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், ஊட்டிக்கு 1908-லும் ரயில் வந்தது.

அந்த ரயிலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மொத்தம் 46 கிலோமீட்டர். மேலே ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். சரி, ஏற்றம். இறங்கும்போதாவது ஓட வேண்டாமா? அப்போதும் மூன்றரை மணி நேரம் ஆகிறது! கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மத்தியில் பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும், கவ்விக்கொண்டே இறங்கும். என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். அது போதாதென்று பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டிருப்பார். நூறு வருடங்களுக்கு முன்பே அந்த ரயிலைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, மலையில் எடையைத் தூக்குவது பாதி வேலைதான், பத்திரமாகக் கீழே வைப்பது மீதி வேலை என்று.

சைக்கிள்காரர்கள் நீலகிரிக்குப் புதியவர்கள் அல்ல. 2008 முதல் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்ற நீண்ட சைக்கிள் பயணம் நடத்தப்பட்டு வருகிறது. அதில் வருகிறவர்களுக்குப் பெருமை ஏறுவதில். மசினகுடி பக்கமிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்து ஏறினால்தான் மரியாதை! இறங்குவதற்காகவே வருகிற கூட்டம் வேறு. சைக்கிளைப் பிக்கப் வண்டியில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டு, தாங்கள் பின்னாலேயே போய், மேலிருந்து இறங்குகிறவர்கள். அப்படிப் போன நான்கு நண்பர்களின் கதை இது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை

நால்வரும் கோவையில் பி.காம். கடைசி வருடம். ஒருவன் ஆடிட்டரிடம் ஆர்டிக்கிள்ஷிப் சேரப் போகிறான். ஒருவனுக்குப் பொள்ளாச்சியில் அப்பாவின் கடை காத்திருக்கிறது. ஒருவன் பெங்களூரு. நான்காமவன் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான், தடித்த கண்ணாடி போட்டவன். இன்னும் நான்கு மாதத்தில் ஆளுக்கொரு திசை. அதற்கு முன் ஒரு பயணம் என்று முடிவாகி, ஜனவரியில் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு வார நாளில் கிளம்பினார்கள். மாதம் சரியான தேர்வு. மே மாதம் என்றால் சீசன். மேட்டுப்பாளையத்திலிருந்து வாகனங்கள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று போலீஸார் ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள். ஊட்டிக்கு வந்த கார்கள் எல்லாம் இந்த ரோட்டில்தான் இறங்கும். சைக்கிள்காரனுக்கு அப்போது இடமே இருக்காது.

கோத்தகிரியில் அவர்களுக்குக் கிடைத்த வழிகாட்டி பக்கத்துக் கிராமத்துப் படுகர். வயது நாற்பதுக்குள் இருக்கும். முதல் நாள் அவர் மலை இறக்கவே இல்லை. காந்தி மைதானத்தில் வைத்து, ஓட்டச் சொல்லி, கோடு கிழித்து, "இந்தக் கோட்டுக்குள்ள நிறுத்துங்க தம்பி" என்றார். பெங்களூரு போகிறவனுக்கு எரிச்சல். "அண்ணே, நாங்க அஞ்சாங்கிளாஸ்லேயே சைக்கிள் கத்துக்கிட்டோம்" என்றான். "ஓட்டக் கத்துக்கிட்டீங்க தம்பி. நிறுத்த?" என்றார் அவர்.

பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் இழுத்துக்கொண்டு போகிறது. முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஆள் முன்னால் போகிறான். நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. ஆனால் அதை மெதுவாக அழுத்தி, இடுப்பைப் பின்னால் தள்ளினால்தான் அது கைகொடுக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். பார்வை பள்ளத்தின் மேல் போகக் கூடாது, வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். இதெல்லாம் ஒரு நாள் பாடம். மாலையில் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் கொஞ்சம் பழகினார்கள். சுடச்சுட டீ, தொட்டுக்கொள்ள வர்க்கி. அன்றிரவு குளிரில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

மறுநாள் காலை பனிமூட்டம் விலகியதும் இறங்கினார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அரவேணு தாண்டும் வரை இரண்டு பக்கமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். முதுகில் பையோடு கொழுந்து பறிக்கிற பெண்கள் தலைநிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். வழிகாட்டி முன்னால், அவர் தம்பி ஓட்டிய பிக்கப் பின்னால், நடுவில் நால்வரும். இருபது ஆள் நீளமாவது இடைவெளி விட வேண்டும் என்பது உத்தரவு.

மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒருமுறை அவர் நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து ஒவ்வொரு சைக்கிளின் டிஸ்க் பிரேக்கிலும் விடுவார். மூன்று சைக்கிளில் தண்ணீர் வழிந்து ஓடியது. கண்ணாடிக்காரன் சைக்கிளில் 'ஸ்ஸ்' என்று ஆவியானது. "கை எப்படி இருக்கு தம்பி?" "நல்லா இருக்குண்ணே." இரண்டாவது நிறுத்தத்திலும் அதே 'ஸ்ஸ்', அதே பதில். மூன்றாவது நிறுத்தத்தில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தான். விரல்கள் மடங்கியபடியே இருந்தன, கொக்கியைத் திறக்க முடியவில்லை. பத்து கிலோமீட்டராக ஒரு வினாடிகூட விடாமல் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடியே வந்திருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?" என்றான் பொள்ளாச்சிக்காரன். கண்ணாடிக்காரன் பதில் சொல்லவில்லை. வழிகாட்டிதான் சொன்னார். "வேகமா போறவன எனக்குப் பிரச்சினையில்ல தம்பி, கண்ணுக்குத் தெரியறான், அதட்டிருவேன். பயந்துக்கிட்டு பேசாம வர்றவனத்தான் கண்டுபிடிக்க முடியறதில்ல."

இந்தப் பேச்சில்தான் விஷயமே இருக்கிறது. ஏற்றத்தில் பலவீனம் வெளியே தெரிந்துவிடும். முடியாதவன் பின்தங்குவான், கூட்டம் நின்று அவனுக்காகக் காத்திருக்கும். இறக்கத்தில் பயந்தவனும் மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட முடியும். மலைதான் எல்லோரையும் ஒரே மாதிரி இழுக்கிறதே! அவன் எவ்வளவு பயந்திருக்கிறான் என்பது பக்கத்தில் வருகிற நண்பனுக்கும் தெரியாது. நண்பர்கள் கூட இருப்பது தைரியம் தரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நண்பர்கள் கூட இருப்பதாலேயே சொல்ல முடியாமல் போகிற வார்த்தைகளும் உண்டு. "எனக்குப் பயமா இருக்கு, கொஞ்சம் நில்லுங்கடா" என்பது அதில் முதல் வார்த்தை.

அங்கிருந்து வரிசை மாறியது. வழிகாட்டிக்கு அடுத்து கண்ணாடிக்காரன். அவன் வேகம்தான் எல்லோருடைய வேகமும். விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார் அவர். நேர்ப் பாதையில் விடு, வளைவுக்கு முன் அழுத்திப் பிடி, மறுபடி விடு. குஞ்சப்பனை பக்கம் பலாமரங்கள் அதிகம். பழக் காலத்தில் யானைகள் ரோட்டுக்கே வந்துவிடும். இது பழக் காலம் அல்ல என்றாலும் அன்று எதிரே வந்த பஸ் டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினார். கீழே வளைவில் இரண்டு யானை, குட்டியோடு. முக்கால் மணி நேரம் எல்லோரும் பிக்கப்பை ஒட்டி நின்றார்கள். யாரும் செல்ஃபி எடுக்கப் போகவில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் கண்ணாடிக்காரன் மெதுவாகச் சொன்னான், "மச்சான், நான் இனிமே வண்டில வர்றேன்டா." ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பெங்களூரு போகிறவன், காலையிலிருந்து எல்லோரையும் 'சீக்கிரம் சீக்கிரம்' என்று விரட்டிக்கொண்டிருந்தவன், தன் வலது கையை நீட்டிக் காட்டினான். நடுங்கிக்கொண்டிருந்தது. "எனக்கும் ரெண்டாவது ஸ்டாப்லேர்ந்தே இப்படித்தான்டா." இரண்டு சைக்கிள் வண்டியில் ஏறியது, இரண்டு கீழே ஓடியது. மேட்டுப்பாளையத்தில் நால்வரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

மூன்றரை லிட்டர் வெந்நீர்

அந்தச் சொட்டுத் தண்ணீர் ஏன் ஆவியானது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோத்தகிரி ஏறத்தாழ 1,790 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 330 மீட்டர் சொச்சம். வித்தியாசம் சுமார் 1,450 மீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், இறங்கி முடிப்பதற்குள் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 12 லட்சம் ஜூல். 20 டிகிரியில் இருக்கும் மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும்!

மலை மேல் நிற்கிறவனிடம் இந்த ஆற்றல் பேங்கில் போட்ட டெபாசிட் மாதிரி இருக்கிறது. கீழே வந்து சேரும்போது கணக்கில் பாக்கி பூஜ்யம் ஆகியிருக்க வேண்டும். செலவழிக்க வழி இரண்டுதான், காற்றும் பிரேக்கும். வேகமாகப் போனால் எதிர்க்காற்று பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மெதுவாகப் போனால் கிட்டத்தட்ட எல்லாமே பிரேக்கின் தலையில் விழும். பயந்தவனுடைய பிரேக் மற்றவனுடையதைவிட அதிகம் சூடாவது இதனால்தான். விடாமல் பிடித்தால் பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. ரிம்மில் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். ஆயில் பிரேக் என்றால் ஆயிலே கொதித்து, லீவர் கைப்பிடி வரை வந்தும் பிடிக்காமல் போகலாம். விட்டு விட்டுப் பிடிப்பதும், நின்று நின்று போவதும் கோழைத்தனம் அல்ல. டெபாசிட்டை ஒழுங்காகச் செலவழிக்கும் முறை அது.

கல்லட்டி சொன்ன பாடம்

சைக்கிளுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை மிகச் செங்குத்தானது. 2018 அக்டோபர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஏழு பேர் இருந்த கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாட்களுக்குப் பிறகே கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்துபோயிருந்தார்கள், இரண்டு பேரை உயிரோடு மீட்டார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வாகனங்கள் அந்த வழியில் இறங்குவதற்குத் தடை வந்தது. ஏறலாம், இறங்கக் கூடாது! பாதை ஒன்றுதான், வளைவுகளும் அதே 36-தான். எது ஆபத்து என்று நிர்வாகம் நினைக்கிறது என்பதை அந்த உத்தரவே சொல்லிவிடுகிறது.

சரிவு யாருடையது?

ஆல்ப்ஸ் மாதிரி நீலகிரியிலும் சைக்கிள் பார்க் அமைத்தால் என்ன, வருமானம் வருமே என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு வேறு. ஆல்ப்ஸில் சும்மா கிடந்த லிஃப்டுக்கு வேலை கொடுத்தார்கள். நீலகிரியில் சும்மா கிடக்கும் சரிவு எது? தேயிலைச் சரிவு ஆயிரக்கணக்கான பேர் கூலி வாங்கும் இடம். அந்தத் தோட்டங்களில் சில, 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களுக்கு வாழ்வு கொடுக்கவே அரசு உருவாக்கியவை. அங்கே மண்பாதை என்பது கொழுந்து மூட்டை போகும் வழி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் வழியும் அதுதான்.

தேயிலை முடிகிற இடத்தில் காடு. 1986-ல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம்தான் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம். மலையின் வடக்கு அடிவாரத்தில் சீகூர் பக்கம் யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அதன்பின் அனுமதியில்லாமல் காட்டுப் பாதையில் போவதற்கு விதிகள் இறுகின. 2024-ல் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது. அவை நடப்பதற்கு.

ஆகவே நீலகிரியில் சைக்கிளில் இறங்குகிறவன் விளையாட்டு மைதானத்தில் இல்லை. இன்னொருவரின் வேலையிடத்தின் வழியாக, இன்னொரு உயிரின் வீட்டு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறான். அவனுக்கு அங்கே உரிமை இல்லை என்பதல்ல. விருந்தாளி என்கிற நினைப்பு வேண்டும். விருந்தாளி வீட்டுக்குள் ஓட மாட்டான். பெரிய லிஃப்ட் வேண்டாம், வெட்டிய மலை வேண்டாம். வழி தெரிந்த உள்ளூர்க்காரருக்குக் கூலி, பிக்கப் வண்டிக்கு வாடகை, தங்கும் வீட்டுக்குப் பணம், டீக்கடைக்கு வியாபாரம். ஒரு சின்னக் கூட்டத்தின் செலவு இப்படி உள்ளூரிலேயே தங்கினால் அதுவே நல்ல லாபம்.

போகிறவர்களுக்கு...

1. வெளியூர் வாகனத்துக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள்.

2. முதல் முறை இறங்குகிறவர்கள் கோத்தகிரி ரோட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குன்னூர் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகளும் அதிகம், லாரிகளும் அதிகம். கல்லட்டியில் இறங்கும் எண்ணமே வேண்டாம்.

3. பிரேக் கட்டையைக் கீழேயே மாற்றிவிடுங்கள். வாடகை சைக்கிள் என்றால் இரண்டு பிரேக்கையும் நீங்களே பிடித்துப் பாருங்கள்.

4. குறுகலான மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலிடம். இது மலைக்காரர்களின் மரியாதை மட்டுமல்ல, சாலை விதியும்கூட.

5. காட்டெருமையோ யானையோ தெரிந்தால் நில்லுங்கள். மணி அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். அது போகும் வரை உங்களுக்கு வேறு வேலை இல்லை.

6. இருட்டும் முன் இறங்கி முடியுங்கள். மூடுபனியில் இறங்காதீர்கள்.

7. கூட்டத்தில் யார் மெதுவோ அவரை முன்னால் விடுங்கள்.

கடைசி விதிதான் மற்ற ஆறையும்விடப் பெரியது. எந்த நண்பன் "நான் இதோடு நிறுத்திக்கிறேன்" என்று சொன்னாலும் யாரும் சிரிக்காமல் இருப்பது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம், நல்ல வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்தலாம். அந்த ஒரு பேச்சை மட்டும் காசு கொடுத்து வாங்க முடியாது. நண்பர்கள்தான் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

மெதுவாக இறங்குங்கள். மலை எங்கேயும் போய்விடாது!